விழுந்த பிறகு தேவனிடம் மறுபடி நெருங்க முடியுமா?

அதே பாவத்தில் திரும்ப விழுந்துவிட்டேன், ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். இயேசுவின் சீடர் பேதுருவைப் பாருங்கள். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்கு அப்பமும் மீனும் கொடுத்து, சாப்பிட்ட அப்புறம்தான் பேச்சை எடுத்தார். "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார், ஒவ்வொரு பதிலுக்கும் தம் ஆடுகளை, அதாவது தம்மைப் பின்பற்றுகிறவர்களை, அவரிடமே ஒப்படைத்தார் (யோவான் 21). மறுதலித்ததை ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம் இது.

பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அதனால் மனம் லேசாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடந்ததை மழுப்பாமல் சொல்லுங்கள். யாரையாவது காயப்படுத்தியிருந்தால் அவரிடமும் போய்ப் பேசுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையா, சரி, தாவீது ராஜா பாவத்தில் விழுந்தபின் பாடிய 51-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள்.