ஹாலுக்கு உருளி: வெண்கலமா, பித்தளையா, மண்ணா?

கேள்வி: முலுண்டில் ஒரு படுக்கையறை ஃபிளாட். ஹாலில் பூ மிதக்கவிட உருளி வாங்க ஆசை. மாமியார் வெண்கலம்தான் என்கிறார். எனக்கு மண் உருளி பிடித்திருக்கிறது. பித்தளையும் கண்ணை இழுக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. எது வாங்கலாம், எத்தனை அங்குலம்?
(ஒரு வாசகி, முலுண்டு)

பதில்: கடைக்குப் போகும் முன் பழைய செய்தித்தாளில் 12 அங்குலம், 8 அங்குலம் என்று இரண்டு வட்டம் வெட்டி, வைக்கப்போகிற இடத்தில் போட்டுப் பாருங்கள். கடையில் சின்னதாகத் தெரிகிற 12 அங்குல உருளி நம் மும்பை ஹாலில் நடக்கிற வழியை அடைத்துக்கொள்ளும். அதில் இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றினாலே மூன்று லிட்டர் பிடிக்கும். பாத்திரத்தின் கனமும் சேர, தினமும் சிங்குக்குத் தூக்கப்போவது நீங்கள்தான். உங்களுக்கு 8 போதும்.

மண் உருளி எனக்கும் ஆசைதான். தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் சூளையில் சுட்டெடுக்கிற மண்ணின் நிறத்துக்கு ஈடே இல்லை. ஆனால் மெருகு பூசாத மண்ணில் தண்ணீர் கசியும். செம்பூருக்குக் குடிவந்த புதிதில், அம்மா கொடுத்த தேக்கு டீப்பாயில் மண் உருளி வைத்து, சாமந்தி மிதக்கவிட்டுவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் எடுத்தால் பலகையில் வெள்ளையாக ஒரு வளையம். தேங்காய் எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. இன்றும் அதன்மேல் விரிப்பு போட்டுத்தான் வைத்திருக்கிறேன். மண் வாங்கினால் தண்ணீர் வேண்டாம், அதில் சாவிக்கொத்தைப் போட்டு வையுங்கள்.

வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். பித்தளை செம்பும் துத்தநாகமும். விரலால் சுண்டினால் வெண்கலம் மணிபோல நின்று ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். உங்கள் மாமியாரின் ரசனையைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் வெண்கலம் தரையில் விழுந்தால் விரிசல் விடும், பித்தளை நசுங்குவதோடு சரி. குழந்தை பெரியவனாகும்வரை பித்தளையே இருக்கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது கறுக்கும். தண்ணீர் நிற்கிற கோட்டில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். வாங்கும்போது லாக்கர், அதாவது பளபளப்பு மங்காமல் இருக்க மேலே அடிக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சு, அடித்ததா என்று கேளுங்கள். அடித்ததென்றால் புளி வேண்டாம், பூச்சு திட்டுத் திட்டாக உரியும்.

டீப்பாய் விளிம்பில் வைக்காதீர்கள், பிள்ளை இழுத்துவிடுவான். செருப்பு அலமாரி மேல் பூ வைக்க எனக்கு மனசு வராது. தரையில், சுவர் மூலையில் ஒரு மணை போட்டு அதன்மேல் வையுங்கள்.

மழைக்காலத்தில் இதை மட்டும் விடாமல் செய்யுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்குகிற நல்ல தண்ணீரில்தான். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் சாகாது. அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உள்பக்கத்தை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஊருக்குப் போகிற அன்று உருளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.