கோழியிலும் பன்றியிலும் மருந்து எச்சம்: கேள்வி பதில்

கொழும்பில் இறைச்சி வாங்குவோர், விற்போர், சோதிப்போர் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நன்றாக அவித்தால் கோழியில் இருக்கும் அன்டிபயோட்டிக் போய்விடும்தானே?

முழுக்கப் போகாது. டெட்ராசைக்கிளின் வகை அன்டிபயோட்டிக் கொதியில் ஓரளவு உடையும். என்ரோஃப்ளொக்சசின் என்ற இன்னொன்று ஏறக்குறைய அப்படியே நிற்கும். அவித்த இறைச்சியில் அளவு குறைந்திருந்தால், ஒரு பங்கு குழம்பில் இறங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். குழம்பை நாம் கொட்டுவதில்லையே.

வெள்ளவத்தை, கோழிக்கடை: சப்ளையர் தரும் அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றிருக்கிறது. அது போதுமா சேர்?

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்து, எந்த உறுப்பு, எவ்வளவுவரை கண்டுபிடிக்கக்கூடிய முறை, எந்தத் தொகுதிக் கோழி: இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தாளை நம்பிச் சரக்கு எடுக்க வேண்டாம். சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பின்படி டெட்ராசைக்கிளின் வகை ஒரு கிலோ தசையில் 200 மைக்ரோகிராம், ஈரலில் 600, சிறுநீரகத்தில் 1200 வரை இருக்கலாம். 500க்குக் கீழே காணமுடியாத முறையால் நெஞ்சிறைச்சியைச் சோதித்தால் "இல்லை" என்று வரத்தான் செய்யும்.

குளோரம்ஃபெனிகோல் என்ற அன்டிபயோட்டிக்கின் கதை வேறு. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று வகுக்கப்படவில்லை, ஆகவே வரம்பும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் நடவடிக்கை எடுக்கும் அளவு முன்பு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராமாக இருந்தது, 2022 நவம்பரிலிருந்து 0.15.

ஆய்வுகூட உதவியாளர்: அகார் குழாய்ச் சோதனையில் சிறுநீரக மாதிரிகள் அடிக்கடி ஊதாவாகவே நிற்கின்றன. எல்லாவற்றிலும் மருந்தா?

பெரும்பாலும் இல்லை. குழாயிலுள்ள அகார் கூழுக்குள் ஜியோபேசிலஸ் பக்டீரியாவின் வித்திகளும் நிறங்காட்டியும் உண்டு. பக்டீரியா வளர்ந்தால் அமிலம் சுரந்து ஊதா மஞ்சளாகும்; ஏதாவது தடுத்தால் ஊதாவாகவே நிற்கும். தடுப்பது மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிறுநீரகச் சாற்றிலுள்ள லைசோசைம் போன்ற இயற்கைப் பொருளும் அதைச் செய்யும். சாற்றை 80 பாகையில் 10 நிமிடம் சூடாக்கி, ஆறியபின் திரும்பப் போடுங்கள். பொய் ஊதா பலவும் அங்கேயே கழிந்துவிடும்.

வழமையான ஒழுங்கு இது: இறைச்சியைப் பிழிந்து 100 மைக்ரோலீற்றர் சாற்றை அகாரின் மேல் விடுங்கள். 20 நிமிடம் அறை வெப்பத்தில் ஊறவிட்டு, மெதுவாகத் தண்ணீரால் கழுவி ஊற்றுங்கள். பிறகு மூடி, 64 பாகையில் ஏறத்தாழ 3 மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தக்கூடாது. மருந்தில்லாதது என்று உறுதியான இறைச்சிச் சாறு போட்ட குழாய் மஞ்சளான உடனே எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகும் வைத்தால் எச்சம் உள்ள மாதிரியும் மஞ்சளாகிவிடும். சூடாக்கும் கட்டையின் ஓரக் குழிகள் குளிர்ந்திருந்தால் அங்கே வளர்ச்சி பிந்தும், அது ஊதாவாகத் தெரியும். வெப்பமானியை நடுக்குழியில் மட்டும் வைப்பது பழைய பிழை.

ஊதா உறுதியானால் இரண்டு குழாய் கூடுதலாகப் போடுங்கள். பெனிசிலினேஸ் சேர்த்ததும் மஞ்சளானால் பெனிசிலின் வகை. பாரா அமினோ பென்சோயிக் அமிலம் சேர்த்து மஞ்சளானால் சல்ஃபா வகை மருந்து.

இந்தப் பக்டீரியாவுக்கு என்ரோஃப்ளொக்சசின் பெரிதாகத் தைப்பதில்லை. கோழிக்கு அதிகம் கொடுபடும் மருந்துகளில் அதுவும் ஒன்று! அதற்கு ஈ.கோலை பக்டீரியா வளர்த்த தட்டு அல்லது எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை வேண்டும். குளோரம்ஃபெனிகோலை கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் அளவில் இந்தக் குழாய் காட்டவே காட்டாது.

கொள்ளுப்பிட்டி ஹோட்டல், தரக்கட்டுப்பாடு: ஜா-எலப் பண்ணைக்காரர் சல்ஃபா கொடுக்கவே இல்லை என்கிறார். பன்றியில் சல்ஃபாடிமிடின் என்ற சல்ஃபா மருந்து எப்படி வந்தது?

அவர் உண்மை சொல்லலாம். சல்ஃபாடிமிடின் தூள் தீன் ஆலையின் கலக்கியிலும் குழாய்களிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்த கலவையில் இறங்கும். மருந்து தின்ற பன்றியின் சாணமும் மூத்திரமும் கிடக்கும் கொட்டிலில் படுத்துக் கிளறும் பன்றியும் அதைத் திரும்ப உட்கொள்ளும். மருந்துத்தீனுக்குப் பிறகு மருந்தில்லாத கலவை ஒன்றை ஓட்டிக் கழித்தார்களா, கொட்டில் கழுவினார்களா என்று கேளுங்கள். நீண்ட நேரம் செயற்படும் ஒக்சிடெட்ராசைக்கிளின் ஊசி போட்டிருந்தால், கழுத்தில் ஊசி ஏறிய இடத்துத் துண்டில் மட்டும் அளவு பல மடங்கு இருக்கும்.

மாணவர்: நைட்ரோஃபியூரான் வகை அன்டிபயோட்டிக்கை ஏன் நேரடியாகத் தேடுவதில்லை?

உடலில் அது சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதைவுப்பொருள் இறைச்சிப் புரதத்தோடு ஒட்டி வாரக்கணக்கில் கிடக்கும், அதைத்தான் பிடிக்கிறோம். அதைப் புரதத்திலிருந்து கழற்றிப் பிடிக்க 0.125 மோலர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 2-நைட்ரோபென்சால்டிஹைட், 37 பாகையில் இரவு முழுதும். விடிய நடுநிலையாக்கி, எதைல் அசிற்றேற்றில் பிரித்து, பொருட்களைப் பிரித்து நிறையால் இனங்காணும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவிக்கு அனுப்பலாம். அந்தச் சிதைவுப்பொருட்களில் ஒன்றான செமிகார்பசைட் மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். மா பூசிய கோழித்துண்டுகளில் அது மாவிலிருந்தும் வரலாம். பூச்சை உரித்து, உள்ளிறைச்சியைத் தனியாகச் சோதியுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: எத்தனை மாதிரி எடுத்தால் போதும்?

நூற்றுக்கு ஒன்றில் பிழை இருந்தால் அதில் ஒன்றையாவது 95 வீத நிச்சயத்தோடு பிடிக்க 299. நூற்றுக்கு ஐந்து என்றால் 59. எழுமாறாக எடுத்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். ஒரே பெட்டியில் எடுத்த 59 கோழியும் பெரும்பாலும் ஒரே கொட்டிலில் ஒரே தீன் தின்றவை. பன்றியில் தசையோடு அதே உடலின் சிறுநீரகத்தையும் சேர்த்து எடுங்கள். பையில் பண்ணை, தொகுதி, அறுத்த நாள் எழுதி, அன்றே சோதிக்காவிட்டால் -20 பாகையில் வையுங்கள்.