கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ராக்கெட் பை

கேள்வி: பாட்மின்டன் ஆடும் மகளுடன் சென்னையிலிருந்து குவாஹாட்டிக்குப் பறந்தேன். கையோடு கொண்டுபோன கிட் பேக்கை, உள்ளே இடமில்லை என்று போர்டிங் கேட்டில் வாங்கி, ஒரு டேக்கில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு அடியில் போட்டார்கள். இறங்கிப் பார்த்தால் இரண்டு ராக்கெட்டுகளின் ஃப்ரேம் விரிசல். கவுண்டரிலேயே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். விமான நிறுவனமோ, "விளையாட்டுப் பொருளுக்குப் பயணியே பொறுப்பு, நீங்களும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்று சொல்லி 1,500 ரூபாய் வவுச்சர் தருகிறது. இரண்டும் சேர்த்து 26,000 ரூபாய்க்கு வாங்கியவை. வழக்குப் போட முடியுமா?
- வாசகர், மதுரை

பதில்: போடலாம். வவுச்சரை இப்போதைக்குத் தொடாதீர்கள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அதற்குள் எங்கேயாவது இருக்கும்.

பையைக் கேட்டில் பிடுங்கியது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் வழக்குக்கு அதுதான் பலம். கையில் வைத்திருக்கும் பைக்குச் சேதம் வந்தால், ஊழியர்களின் தவறால் வந்தது என்று பயணிதான் காட்ட வேண்டும். டேக் போட்டு வாங்கிய நிமிடத்திலிருந்து அது 'செக்-இன்' பை. அவர்கள் பொறுப்பில் இருந்தபோது உடைந்தது என்று காட்டினால் போதும், யார் எப்படிப் போட்டார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அதாவது விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரீல் உடன்படிக்கையின் விதிகள், இப்படித்தான் சொல்கின்றன. சில மாற்றங்களுடன் உள்நாட்டுப் பயணத்துக்கும் இவை பொருந்தும்.

சரி, அந்தக் கையெழுத்து? சட்டம் வைத்த பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற அல்லது குறைக்கிற எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது அதே அட்டவணையின் 26-ஆவது விதி. ஆகவே 'பயணியின் பொறுப்பு' என்று டேக்கில் அச்சடித்துவிட்டதால் அவர்கள் தப்பிவிட முடியாது. அவர்களுக்கு உண்மையில் இருக்கும் வாதம் வேறு. பொருளின் உள்ளார்ந்த குறைபாட்டால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது. இறுக்கி நரம்பு கட்டிய கார்பன் ஃப்ரேம் தானாகவே விட்டுவிட்டது, முந்தைய மேட்ச்சிலேயே அடிபட்டிருந்தது என்பார்கள். இதற்கு இப்போதே தயாராகுங்கள். வழக்கமாக நரம்பு கட்டித் தருகிறவரிடம் ராக்கெட்டைக் காட்டி, விரிசல் எந்த இடத்தில், வெளியிலிருந்து நசுங்கியதா என்று எழுதி வாங்குங்கள். பில், டேக், போர்டிங் பாஸ், பையின் படம் எல்லாம் பத்திரம். உடைந்த ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியச் சாட்சி!

சேதப் புகாரை ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். நீங்கள் அன்றே கொடுத்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. போனில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

தொகையில் மட்டும் பேராசை வேண்டாம். உள்நாட்டுப் பயணத்தில் பைக்கான இழப்பீட்டு உச்சவரம்பு பயணிக்கு 20,000 ரூபாய். ஆடிப் பழகிய ராக்கெட் என்று தேய்மானமும் கழிக்கக்கூடும். வேண்டுமென்றே, அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே அலட்சியமாகக் கையாண்டார்கள் என்று நிரூபித்தால்தான் வரம்பு உடையும். உங்களிடம் அதற்கான ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. வழக்குச் செலவை வரம்புக்கு மேலும் கேட்கலாம்.

முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், சென்னைக்கோ குவாஹாட்டிக்கோ அலைய வேண்டாம். டிக்கெட் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம் (என் தொழிலுக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்).

அடுத்த முறை கேட்டில் பையைக் கேட்டால், டேக் போடும் முன் ராக்கெட்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். முடியாது என்றால், அங்கேயே பையைத் திறந்து முழு ராக்கெட்டுகளைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.