ஒரு கட்டை இறக்கி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். பெரிய ஆர்டர் ஒன்றைக் கெடுவுக்குள் அனுப்பி முடித்த மகிழ்ச்சியில், நண்பர்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை இரவு கோவைக்குப் போனோம். அவினாசி சாலையில் ஒரு நட்சத்திர விடுதியின் பாரில் கரோக்கி நடந்துகொண்டிருந்தது. நிற்க இடமில்லாத கூட்டம், மூடும் நேரம் வரை ஒரே கொண்டாட்டம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தனியாக வந்திருந்தார். ஒரே சோகப் பாட்டை இரண்டு முறை பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சரணத்தில் மேலே போகும் இடத்தில் குரல் கிழிந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. இணைப்பை அனுப்பியுள்ளேன், நேரமிருந்தால் பாருங்கள்.

என் கேள்வி இதுதான். கேள்வி ஞானம்கூட இல்லாதவர்கள் மைக் பிடிக்க வழிசெய்யும் இந்தக் கரோக்கி நம் இசை ரசனையைக் கெடுக்கவில்லையா? இயந்திரம் வாசிக்க மனிதன் பாடுவது கலை ஆகுமா? கும்மியும் உடுக்கைப் பாட்டும் இருந்த கொங்கு மண்ணுக்கு இந்தப் பார் கலாச்சாரம் தேவைதானா?

ர., திருப்பூர்

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பாடத் தெரியாதவர்கள் பாடுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெருந்துறையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். முன்னிரவில், இப்போது எல்லாத் திருமணங்களிலும் வந்துவிட்ட பாட்டு நிகழ்ச்சியில், மணமகளின் தாய்மாமனிடம் யாரோ மைக்கை நீட்டினார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்றால் இருநூறு பேரை வாயடைக்க வைக்கிற மனிதர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, ‘அதெல்லாம் நமக்கு எதுக்குங்க’ என்று சொல்லிவிட்டுப் பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டார். அந்த ‘நமக்கு எதுக்குங்க’ எனக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இணைப்பை நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்தும் மாநிலத்தில், பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் அந்தக் கடைகளின் வாசலில் கண்ணெதிரே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு கடந்துபோகிற நாம், குளிரூட்டிய அறையில் ஒருவர் இரண்டு கிளாஸுக்குப் பின் பாடியதும் மண்ணின் பண்பாட்டை நினைத்துக் கவலைப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. மது வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. அன்றிரவு திருப்பூருக்குத் திரும்பும்போது வண்டியை ஓட்டியவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. குடிக்காத ஒருவர் என்று நம்புகிறேன். கும்மியைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியின் பத்ரப்பன், பெண்களையும் சேர்த்துக்கொண்டு பல்லாண்டுகள் வள்ளி ஒயில் கும்மி கற்றுக்கொடுத்தவர், 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். கும்மி நன்றாக இருக்கிறது. உங்கள் பார் அதை ஒன்றும் செய்துவிடாது.

இயந்திரத்தோடு பாடுவது கலையா என்பதற்கு அந்த இயந்திரம் பிறந்த கதையே போதும். ஜப்பானின் கோபே நகரில், பாட ஆசைப்படும் வாடிக்கையாளர்களுக்கு மதுக்கூடங்களில் பின்னணி வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் டைசுகே இனோவே. அவருடைய வாடிக்கையாளர்களில் ஒரு சிறு நிறுவன முதலாளி இருந்தார். வெளியூர் விருந்து ஒன்றில் தான் பாடவேண்டும், கூட வந்து வாசிக்கவேண்டும் என்று அந்த முதலாளி கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அவர் பாடும் பாட்டுகளை, அவருக்கு ஏற்றபடி வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். முதலாளி அதோடு சேர்ந்து பாடி மகிழ்ந்து திரும்பினார். அதிலிருந்து பிறந்த யோசனையில்தான் 1971-இல் இனோவே பதினோரு பெட்டிகள் செய்து மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். பழகாத குரல்களும் எட்டும்படியான சுருதியில் பாட்டுகளைப் பதிந்து வைத்தார். காப்புரிமை வாங்கவில்லை. அவருக்கு முன்பே 1967-இல் டோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி இப்படியொரு பெட்டி செய்தார், பின்னாளில் பிலிப்பைன்ஸில் ராபர்டோ டெல் ரொசாரியோ காப்புரிமையும் வாங்கினார். யார் முதல் என்ற அந்த வழக்கு நமக்கு வேண்டாம். 2004-இல் இனோவேக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் காரியங்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கிற பரிசு அது. எந்தப் பிரிவில் என்று நினைக்கிறீர்கள்? அமைதிப் பிரிவில். மனிதர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளப் பழகுவதற்கு முற்றிலும் புதிய வழியொன்றைத் தந்தார் என்பது அவர்கள் சொன்ன காரணம். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் கரோக்கியைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

பாட முடியாத ஒருவருக்காகச் சுருதியை இறக்கி வைத்த காரியம் அது. அதை நான் சோமனூர்ப் பக்கம் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், மாவிளக்கு எடுத்த இரவு, ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றிருக்கிறீர்களா? நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் எல்லோரும் பாடுவார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் உதடு ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். எதிரே நிற்பவருக்கு ஒரு சொல் கேட்காது. பாடுகிறவருக்கே கேட்காது. அப்படிப் பாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அன்றிரவு மேடையருகே போய், ‘ஏனுங்க, ஒரே ஒரு பாட்டுங்க’ என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கமிட்டிக்காரர்கள் விரட்டினார்கள். கடைசியில் கீபோர்டு வாசிக்கிறவர்தான் ‘வாங்கண்ணா’ என்று மேலே ஏற்றிக்கொண்டார்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, உதடு ஒட்டும்படி வைத்துக்கொண்டு, பல்லவியின் முதல் வரியைப் பாடியதும் அவர் நின்றுவிட்டார். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து தன் குரல் வெளியே வருவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். கூட்டம் சிரித்தது. மறுபடி தொடங்கினார், எட்டவில்லை. சினிமாப் பாட்டைப் பாடியவர்கள் யாரென்று யோசித்துப் பாருங்கள். எஸ். பி. பாலசுப்ரமணியம் உல்லாசமாக நின்று பாடிய இடத்தில் நம்மைப்போன்ற சாதாரண ஆண் குரல் எம்பி எம்பித் தொடவேண்டும். கீபோர்டுக்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். வாசிப்பு நின்றது. கீபோர்டின் மூலையில் எதையோ சில முறை அழுத்தினார். ஒரு சுரத்தைத் தட்டிக் காட்டி, தலையை ஆட்டினார். இப்போது பாட்டு முன்பைவிடக் கீழே, கொஞ்சம் கனமாகத் தொடங்கியது. அவருடைய குரல் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் சரணத்தில் வரி மறந்து ‘லலலா’ என்று ஓட்டினார். ஆர்க்கெஸ்ட்ரா விட்டுக்கொடுக்காமல் கூடவே போயிற்று.

இறங்கி வந்தபோது கைதட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டில் சாப்பிட வந்த கீபோர்டுக்காரரிடம் அது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் அவர்கள் சொல்வார்கள். ‘ஒரு கட்டை எறக்கி வச்சனுங்க. இன்னும் அரைக் கட்டை எறக்கியிருந்தா சரணத்துலயும் அண்ணன் நின்னிருப்பாரு, பார்க்காம உட்டுட்டேன்’ என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

நீங்கள் சிரித்த மனிதர் தோற்றதும் அந்த இடத்தில்தான். பெரும்பாலான கரோக்கி டிராக்குகள் அசல் பாடகரின் சுருதியிலேயே ஓடுகின்றன. இறக்குவதற்கான வசதி அந்தக் கருவியிலோ செயலியிலோ பெரும்பாலும் இருக்கும். அங்கே கருவியை இயக்கியவர் அதைத் தொடவில்லை. உங்கள் மேசையில் ஐந்து பேர் இருந்தீர்கள். ஒருவர் எழுந்து போய், ‘அண்ணனுக்குக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். எழுந்தீர்கள், படம் எடுப்பதற்கு.

பாடுவதில் நமக்கு இருக்கும் கூச்சம் சும்மா வந்ததில்லை. நம் பக்கத்தில் பாட்டை ஆள் பார்த்துப் பங்கு வைத்திருந்தார்கள். கொங்குத் திருமணத்தில் மங்கல வாழ்த்தை நாவிதர்தான் பாடவேண்டும். மணமேடையைச் சுற்றி நிற்கும் உறவுக்கூட்டம் வெறுமனே கேட்கும். இரவிரவாக நீளும், பொன்னர் சங்கரின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவதற்கு அதற்கென்று ஆள் உண்டு. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் வட்டாரத்தில் அதை டேப்பில் பதிந்தார். இழவு வீட்டில் ஒப்பாரி பெண்களுடையது. நிலமுள்ள ஆண் வாய்விட்டுப் பாடலாம் என்று விட்டுவைத்திருந்த இடம், கிணற்று மேட்டில் மாட்டை ஓட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும் நேரம் ஒன்றுதான். 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியபின் கிணறு கிணறாக மோட்டார் இறங்கியது, அந்தப் பாட்டும் நின்றது. பிறகு பாடுகிறவனுக்குக் கூத்தாடி என்று பெயர். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, 1935-இல் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு நந்தனாராக நடித்தபின் நம்முடைய பெருமை ஆகிவிட்டார். புகழ்பெற்றால் பெருமை, இல்லையென்றால் இழிவு. நடுவில், வெறுமனே பாடிவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதனுக்கு இடமே வைக்கவில்லை. பெருந்துறையில் கையை இழுத்துக்கொண்டவர் பயந்தது இதற்குத்தான். அவினாசி சாலையில் அந்த ஐம்பது வயதுக்காரர் அந்தப் பயத்தை எப்படியோ தாண்டி வந்துவிட்டார். மது உதவியிருக்கலாம், இருக்கட்டும். தாண்டி வந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

சிரித்ததை நான் குற்றம் சொல்லவில்லை. கரோக்கி நடக்கும் அறையில் சிரிப்பு உண்டு. நான் போன இடங்களில் நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அங்கே சிரிக்கிறவர் கைக்கும் மைக் வரும், அப்போது பாடியவர் திருப்பிச் சிரிக்கலாம், அத்தோடு கணக்கு நேராகிவிடும். வீடியோவில் அந்த நேர்மை கிடையாது. அவர் தம் முறைக்குக் காத்திருக்கக்கூட முடியாது. தம்மைப் பார்த்து ஒரு கம்பெனியே சிரிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. திருப்பூர் எவ்வளவு பெரிய ஊர்? நூல் விற்கிறவரும் சாயப்பட்டறைக்காரரும் பிரிண்டிங் எடுக்கிறவரும் ஒருவரையொருவர் எங்காவது சந்தித்தே தீருகிற ஊர். நாளைக்கே அவர் ஏதோ ஒரு பில்லோடு உங்கள் அலுவலகத்துக்குள் வந்தால், வரவேற்பில் இருக்கும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவர் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வார்.

அவர் தனியாக வந்திருந்தார், ஒரே பாட்டை இரண்டு முறை பாடினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏன் அதே பாட்டு என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் காரணம் தெரியாது, ஊகித்துக் கதை கட்டவும் விருப்பமில்லை. மனைவியை இழந்தவராக இருக்கலாம் என்று நான் எழுதினால் உங்களுக்கு உருகிவிடும், உடனே வீடியோவை அழித்துவிடுவீர்கள். அப்படி ஒன்றுமே இல்லாமல், வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க, அந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பதற்காக மட்டுமே பாடிய மனிதராக இருந்தாலும் அழிக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகப் போய்விடும் என்று சொல்லாதீர்கள். உங்களிடமிருந்து வாங்கியவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும்.

உங்கள் மீது எனக்குக் கோபம் என்று நினைக்கவேண்டாம். கெடுவுக்குள் ஆர்டரை ஏற்றி அனுப்புவதற்கு எத்தனை இரவு கண்விழிக்கவேண்டும் என்பது திருப்பூர்க்காரர்களோடு பழகிய எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு வேண்டியிருந்தது, அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. யார் யாரோ பாடியதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பாடியதாக ஒரு வரிகூட இல்லை.

ரசனை கெடுகிறதா என்ற கேள்விக்கு நீங்கள் பாடிய பிறகு பதில் சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, கருவியை இயக்குகிறவரிடம் ஒரு கட்டை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் இன்னும் அரைக் கட்டை. இரண்டு சரணத்தையும் விடாமல் பாடுங்கள். எந்தப் பாட்டு, எவ்வளவு இறக்கினார்கள், எந்த இடத்தில் மூச்சு முட்டியது என்பதையெல்லாம் விவரமாக எழுதியனுப்புங்கள்.