ஏரிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்? மிச்சிகன் கரையோரக் கார் பயணம்: கேள்வி பதில்

மகள் சிகாகோவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இரண்டு முறையும் நானும் மனைவியும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரமாகக் கலங்கரை விளக்கங்களைப் பார்த்தபடி வடக்கே போனோம். முதல் தடவை ஒன்பது நாள், அடுத்த தடவை ஐந்து நாள். போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் சரக்குக் கப்பல்களோடு மாரடித்தவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. போன சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் நடைக் குழுவுக்குப் படங்களைப் போட்டுக் காட்டினேன். கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து ஓர் அக்கா: ஏரிதானே அண்ணே, அதற்கு எதற்குக் கலங்கரை விளக்கம்? தித்திவங்சா ஏரிக்கு விளக்கு வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது?

நானும் முதலில் இப்படித்தான் சிரித்தேன். கரையில் போய் நின்றதும் சிரிப்பு போய்விட்டது. எதிர்க்கரை தெரியாது. மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். பஹாங்கையும் பேராக்கையும் சேர்த்து உள்ளே போட்டாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். நீளம் ஏறக்குறைய 490 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 281 மீட்டர். அலை அடிக்கும், மணல் கரை இருக்கும், புயல் வந்தால் கப்பல் கவிழும். உப்பு மட்டும்தான் இல்லை.

நம் ஊரில் ஈயமும் ரப்பரும் துறைமுகங்களை வளர்த்த மாதிரி, அங்கே மரம். மிச்சிகன் காடுகளில் வெட்டிய பைன் மரமெல்லாம் பாய்க் கப்பலில் ஏறி சிகாகோவுக்குப் போனது. 1871இல் சிகாகோ தீப்பிடித்து எரிந்தது, அதைத் திரும்பக் கட்டவும் பலகை இந்த ஏரி வழியாகத்தான் போனது. இரவில், பனிமூட்டத்தில், மணல் திட்டுகளுக்கு நடுவே இத்தனை கப்பல் ஓடினால் விளக்கு வேண்டாமா? மிச்சிகன் மாநிலத்தில் மட்டும் 120க்கு மேல் கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை.

காஜாங்கிலிருந்து ஒரு தம்பி: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கலாம்?

சிகாகோவிலிருந்து கிளம்பினால் ஏரியின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு செயின்ட் ஜோசப் ஊருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். அங்கே தொடங்குங்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள், சிகாகோ நேரம் வேறு, மிச்சிகன் நேரம் வேறு. இது தெரியாமல் முதல் நாளே ஒரு கோபுரம் மூடிய பிறகு போய் நின்றோம்.

அப்புறம் வடக்கே சவுத் ஹேவன், ஹாலந்து, கிராண்ட் ஹேவன், வைட்ஹாலில் வைட் ரிவர், மியர்ஸ் பக்கத்தில் லிட்டில் சேபிள், லடிங்டனில் பிக் சேபிள். அங்கிருந்து மனிஸ்டீ தாண்டி எம்-22 சாலையைப் பிடித்தால் பாயிண்ட் பெட்ஸி, லீலனாவ் முனையில் கிராண்ட் டிராவர்ஸ். கடைசியில் ஏரி முடிகிற இடத்தில் மேக்கினா சிட்டி. வளைவு நெளிவோடு 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் கணக்கில் ஒரே நாளில் முடித்துவிடலாம்தான். முடிக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு போதும் என்பது என் கட்சி. ஒன்றை வெளியிலிருந்து பாருங்கள், ஒன்றில் ஏறுங்கள். முதல் பயணத்தில் ஒரே நாளில் ஐந்து பார்த்தேன். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் எது எது என்று மனைவியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பூச்சோங்கிலிருந்து: அங்கே வலது பக்கம் ஓட்டணுமே, பயமாக இல்லையா? நம் லைசன்ஸ் செல்லுமா?

விசா முதலில். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா எடுத்தே ஆக வேண்டும், நேர்முகத் தேதி கிடைக்க நாளாகும். நம் லைசன்ஸோடு ஜேபிஜேயில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு போங்கள், கார் வாடகைக்குக் கொடுப்பவர்கள் கேட்பார்கள்.

வலது பக்கம் அரை நாளில் பழகிவிடும். பழகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து, காலியான பெட்ரோல் ஸ்டேஷனிலிருந்து வெளியே வரும்போது கை தானாக இடது பக்கம் திரும்பும். என் மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள். பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு மின்னினால் நீங்களும் நிற்க வேண்டும், அதில் விளையாட்டே கிடையாது. இருட்டுகிற நேரத்தில் காட்டுச் சாலைகளில் மான் குறுக்கே வரும். நல்ல செய்தி ஒன்று: மிச்சிகன் நெடுஞ்சாலைகளில் டோல் இல்லை. பெரிய பாலங்களில் மட்டும்தான் காசு.

மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் விளக்கங்களுக்குக் காருக்கு நுழைவுச் சீட்டு வேண்டும். வாடகைக் கார் வெளிமாநில எண்ணோடு வந்தால் கட்டணம் கூட. இரண்டு மூன்று பூங்காவுக்குப் போவதானால் வருடச் சீட்டு கட்டுப்படியாகிறதா என்று வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: படத்தில் ஹாலந்து கோபுரம் செக்கச் செவேல் என்று இருந்ததே, அழகுக்காகப் பூசியதா?

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு தே தாரே என் கணக்கில். அழகுக்கு இல்லை, சட்டத்துக்கு. அமெரிக்க நீர்வழிகளில் வெளியிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு வலது கைப் பக்கம் இருக்கும் அடையாளம் சிவப்பாக இருக்க வேண்டும். ஹாலந்து விளக்கு வாய்க்காலின் தெற்குப் பக்கம். ஏரியிலிருந்து கிழக்கே பார்த்து நுழைகிறவனுக்கு அது வலது. அதனால் 1956இல் கடலோரக் காவல்படை சிவப்பு அடித்தது. இப்போது ஊரே அதை "பிக் ரெட்" என்று கொண்டாடுகிறது. நம் பக்கம் இது தலைகீழ். மலேசியா பின்பற்றும் முறையில் உள்ளே வரும்போது இடது பக்கம்தான் சிவப்பு. கிள்ளானில் வேலை பார்த்த பழக்கத்தில் நான் அங்கே நின்று ரொம்ப நேரம் குழம்பிப்போனேன்.

அதன் காலடிக்குப் போகும் வழி தனியார் நிலம் வழியாகப் போகிறது, எப்போதும் விடமாட்டார்கள். வாய்க்காலுக்கு வடக்கே ஹாலந்து மாநிலப் பூங்கா மணலில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும். சாயங்காலம் போங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகும்.

செயின்ட் ஜோசப்பில் ஏன் இரண்டு விளக்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் உயரமாக. கப்பலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் வந்தால் வாய்க்காலின் நடுவில் வருகிறீர்கள் என்று அர்த்தம். விலகித் தெரிந்தால் சுக்கானைத் திருப்ப வேண்டும்.

ஈப்போ ரோட்டிலிருந்து: எனக்கு முழங்கால் வலி. ஏறித்தான் ஆகணுமா?

வேண்டாம். வைட் ரிவரும் பாயிண்ட் பெட்ஸியும் குட்டைக் கோபுரங்கள், வீட்டோடு ஒட்டியவை, காரை விட்டு இறங்கினால் பக்கத்தில்தான். பாயிண்ட் பெட்ஸி 1858இல் எழுந்தது. அங்கே படி ஏறாமலேயே வெளிச் சுவரோரம் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஏற முடிந்தவர்களுக்கு பிக் சேபிள். லடிங்டன் பூங்காவுக்குள் காரை நிறுத்திவிட்டு மூன்று கிலோமீட்டர் மணல் பாதையில் நடக்க வேண்டும், திரும்பவும் மூன்று. வழியில் கடை கண்ணி எதுவும் இல்லை. 1867இல் செங்கல்லால் கட்டியது, 34 மீட்டர் உயரம், 130 படி. காற்றும் பனியும் செங்கல்லைத் தின்றதால் 1900இல் இரும்புத் தகட்டால் சட்டை போட்டார்கள். மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை. லிட்டில் சேபிளுக்கு இந்தச் சட்டை கிடையாது, 1874இல் கட்டிய செங்கல் அப்படியே தெரிகிறது. ஆனால் காப்பாளர் வீட்டை இடித்துவிட்டார்கள், மணலில் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள். வீடு இருக்கிற கோபுரத்துக்கும் இல்லாத கோபுரத்துக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியாது, பக்கத்தில் நின்றால் தெரியும்.

கிள்ளானிலிருந்து ஓர் ஆசிரியை: காப்பாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? தனியாகவா?

குடும்பத்தோடு. எண்ணெய் விளக்கு இரவெல்லாம் அணையக் கூடாது, திரியை வெட்ட வேண்டும், கண்ணாடியில் படியும் கரியைத் துடைக்க வேண்டும், சுழலும் விளக்கானால் கடிகாரப் பொறி மாதிரி எடைக்கல்லை மேலே சுற்றி ஏற்ற வேண்டும். பனிமூட்டம் வந்தால் ஊதுகுழலுக்கு நீராவி கிளப்ப வேண்டும். நம் மொழியில் கலம் கரையும் விளக்கம் என்கிறோம். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான், கூப்பிடுவது. மூட்டத்தில் வெளிச்சம் தெரியாதபோது அங்கே நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறார்கள்.

வைட் ரிவரில் முதல் காப்பாளர் கேப்டன் வில்லியம் ராபின்சன். 47 வருடம் அந்தத் துறைமுகத்தின் விளக்கைப் பார்த்துக்கொண்டார், எண்பது வயது தாண்டியும் வேலையில் இருந்தார். 1919இல் அவர் பேரனிடம் பொறுப்பு போனது. கொஞ்ச நாளில் கிழவர் அந்த வீட்டிலேயே இறந்துபோனார். இப்போதும் மாடியில் அவர் கைத்தடிச் சத்தம் கேட்கிறது என்று ஊரில் கதை உண்டு. எனக்குக் கேட்கவில்லை. மனைவிக்குக் கேட்டதாம், அவளுக்கு எங்கள் வீட்டு மாடியிலும் கேட்கும்.

அதே ஆசிரியை: ஒரு எண்ணெய் விளக்கு அவ்வளவு தூரம் தெரியுமா? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

விளக்கில் இல்லை வித்தை, கண்ணாடியில். 1820களில் ஃபிரெனல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வளையம் வளையமாகப் பட்டகங்களை அடுக்கி ஒரு கூண்டு செய்தார். மேலே, கீழே, பக்கவாட்டில் வீணாகப் போகிற வெளிச்சத்தை அவை வளைத்து ஒரே கிடைமட்டக் கற்றையாக அனுப்பும். ஒரு விளக்கின் ஒளி முப்பது கிலோமீட்டர் வரை போனது இப்படித்தான். லிட்டில் சேபிளில் அந்தப் பழைய கண்ணாடி இன்னும் மேலேயே இருக்கிறது. ஏறியவுடன் வெளியே பார்க்காமல் முதலில் உள்ளே பாருங்கள்.

செலாயாங்கிலிருந்து: சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போகலாம். கோபுரம் ஏற உயரக் கட்டுப்பாடு இருக்கும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். அடுத்த முறை பேரனுக்குக் கார் இருக்கை சொல்லி வைத்திருந்தோம். கார் எடுக்கப் போனபோது இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள், போய்க் கடையில் வாங்கினோம். அதனால் முந்தின நாளே போன் போட்டு உறுதி செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. கிராண்ட் ஹேவன், சவுத் ஹேவன் மாதிரி ஊர்களில் விளக்கு, ஏரிக்குள் நீளும் கான்கிரீட் தடுப்புச் சுவரின் நுனியில் நிற்கும். நடந்து போகலாம், கைப்பிடி கிடையாது. அதன் தலைக்கு மேலே இரும்பில் ஒரு நடைபாதை ஓடுவதைப் பார்ப்பீர்கள். புயலில் காப்பாளர் அலையில் அடித்துப் போகாமல் விளக்குக்குப் போகக் கட்டியது. அந்த மனிதருக்கே அப்படி ஒன்று தேவைப்பட்டது என்றால் நமக்கு என்ன? காற்று அடித்து அலை சுவருக்கு மேல் ஏறினால் கரையிலேயே நில்லுங்கள். சுவரை ஒட்டிய நீரோட்டம் நன்றாக நீந்துகிறவரையும் இழுக்கும்.

ரவாங்கிலிருந்து: எந்த மாதம்? சைவச் சாப்பாடு?

கோபுரங்கள் பொதுவாக மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும். ஜூலையில் கூட்டம், ஆனால் டிராவர்ஸ் சிட்டி பக்கம் செர்ரிப் பழம். நான் செப்டம்பருக்கு ஓட்டுப் போடுவேன். சாப்பாட்டுக்குச் சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், மிளகாய்த் தூள். மற்ற நேரம் பீசா. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து: கடைசியில் மேக்கினா சிட்டியில் என்ன இருக்கிறது?

பினாங்குக்காரர்களுக்குப் பிடிக்கும். 1892இல் கட்டிய கோட்டை மாதிரி ஒரு கலங்கரை விளக்கம், அதன் பக்கத்திலேயே எட்டு கிலோமீட்டர் நீளப் பாலம். 1957இல் பாலம் திறந்தது. பாலத்து விளக்குகளே கப்பலுக்கு வழி காட்டப் போதும் என்று அதே வருடம் கலங்கரை விளக்கத்தை அணைத்துவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகம். பாலத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓட்ட மனமிருந்தால் சுப்பீரியர் ஏரியில் ஒயிட்ஃபிஷ் முனை. 1975 நவம்பரில் எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட் என்ற கப்பல் அங்கே போய்ச் சேர முயன்றபோது 29 பேரோடு மூழ்கியது. அதன் மணியை 1995இல் எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த மணிக்கு முன்னால் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கெப்போங்கிலிருந்து: அமெரிக்கா போக வெள்ளிக்கு எங்கே போவது? இங்கே ஒன்றும் இல்லையா?

ஏன் இல்லை? கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம் ஓட்டினால் கோலசிலாங்கூர். புக்கிட் மெலாவத்தி மேல் 1907ஆம் ஆண்டு விளக்கு, சுற்றிலும் குரங்குகள். போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான், 1863இல் ஏற்றியது, நாட்டிலேயே பழையது. கோபுரத்துக்குள் பொதுவாக விடமாட்டார்கள், ஆனால் மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து பருந்துக் கூட்டம் ஜலசந்தியைக் கடந்து தலைக்கு மேல் வரும். பினாங்கில் இருந்தால் முக்கா ஹெட், 1883. கோபுரம் 14 மீட்டர்தான், ஆனால் நிற்கும் மலை 242 மீட்டர், அதனால் ஏறுவது நீங்கள்தான். தேசியப் பூங்கா வாயிலில் பதிந்துவிட்டுக் காலையிலேயே நடங்கள். இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், அங்கேயும் குரங்குகள் இருக்கின்றன.