அசல் பத்திரம் எங்கே இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அடமானப் பதிவுகளைத் தேடுவது, பதிவது, முடித்து வைப்பது பற்றியவை அதிகம் என்பதால் அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர் மதுரையில் வங்கிகளுக்குச் சட்டக் கருத்து எழுதித்தரும் வழக்கறிஞர்.

கேள்வி: திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் ஐந்து சென்ட் மனை வாங்கப் பேசி முடித்திருக்கிறேன். விற்பவர் பதினைந்து ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றைக் கொடுத்தார். அதில் எந்தப் பதிவும் இல்லை. தை பிறந்ததும் முன்பணம் கேட்கிறார். இந்தச் சான்று போதாதா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: போதாது. விற்பவர் அந்த மனையை எந்த ஆண்டில் வாங்கினார் என்று அவருடைய கிரயப் பத்திரத்தில் முதலில் பாருங்கள். அது இந்தப் பதினைந்து ஆண்டுக்குள் பதிவானதாக இருந்து, அவருடைய சொந்தக் கிரயமே சான்றில் தெரியவில்லை என்றால், தேடப்பட்டது அந்த நிலமே அல்ல என்று பொருள். 'நில் ஈசி' என்று நம் ஊரில் சொல்லும் வெற்றுச் சான்றைப் பார்த்து நிம்மதியடைபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். எனக்கோ பதிவுகள் நிறைந்த சான்றைவிட வெறும் சான்றைக் கண்டால்தான் கூடுதல் சந்தேகம் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே மனைக்கு இரண்டு சான்றுகள் என் மேசைக்கு வந்தன. ஒன்று படிவம் 16, அதாவது பதிவு ஏதும் இல்லை என்பது. மற்றொன்று படிவம் 15. அதில் நான்கு பதிவுகள் இருந்தன, அவற்றில் ஒன்று அடமானம். இரண்டும் முறையாகப் பெற்ற சான்றுகள்தான், ஒன்றும் போலி அல்ல. முதல் சான்றுக்கு 147/2பி3 என்ற புதிய சர்வே உட்பிரிவு எண்ணைக் கொடுத்துத் தேடியிருந்தார்கள். அடமானமோ நிலம் பிரிக்கப்படுவதற்கு முன், 147/2 என்ற தாய் எண்ணில் பதிவாகியிருந்தது. எழுதியிருக்கும் எண்ணில்தான் பதிவு கிடைக்கும். கணினி நம் மனத்தில் இருக்கும் நிலத்தைத் தேடாது, நாம் தட்டிய எண்ணைத்தான் தேடும்.

ஆகவே, தேடுவதற்கு முன் ஒரு தாளில் அந்த நிலம் இதுவரை தாங்கிய எண்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய பட்டாவில் உள்ள எண், தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள எண், அதற்கும் முந்தைய பத்திரத்தில் உள்ள எண். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருக்கிறது என்பதோடு, முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலக எல்லைகள் மாறியிருக்கும் ஊர்களில் பழைய பதிவுகள் பழைய அலுவலகத்தின் பெயரிலேயே கிடைக்கலாம். திண்டுக்கல் 1985 வரையிலும், தேனி தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையிலும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன என்பதால், அந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் 'மதுரை மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பி, மதுரை அலுவலகங்களில் தேடிவிட்டு வெறுங்கையோடு வருபவர்களும் உண்டு.

காலமும் போதாது. பதினைந்து அல்ல, குறைந்தது முப்பது ஆண்டுகள் பாருங்கள். அடமானச் சொத்தை மீட்க வழக்குத் தொடுப்பதற்குக் காலவரையறைச் சட்டம் முப்பது ஆண்டுகள் தருகிறது என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதால் இதற்குச் செலவும் இல்லை. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும், எந்தக் கிராமம், எந்த எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தேடப்பட்டது என்பதை முதலில் படியுங்கள். பிறகு 'தன்மை' என்ற கட்டத்தை வரிவரியாகப் பாருங்கள். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று எங்கேனும் இருந்தால், பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பது பொருள், பேச்சுவழக்கில் 'எம்.ஓ.டி.' என்பது இதைத்தான். அப்படி ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் பின்னால், கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதிக்கொடுத்த, அந்த ஆவண எண்ணையே குறிப்பிடும் ஒரு ரசீது ஆவணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடன், பதிவேட்டைப் பொறுத்தவரை, இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும்போது எழுதும் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் கட்டாயமானது. அதற்கு முன் வைத்த அடமானமும், பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள கிளையில் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடனும் வில்லங்கச் சான்றில் வராமலே போகலாம். அதற்காகத்தான் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தின் இணையதளத்திலும் சொத்தின் விவரத்தைக் கொடுத்துத் தேடச் சொல்கிறேன். 2011 மார்ச் 31 முதல் இயங்கும் இந்தப் பதிவகத்தில், வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தாங்கள் பெற்ற அடமானங்களைப் பதிகின்றன. பொதுமக்களும் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். ஆனால் அங்கே பதிவது வங்கியின் ஊழியர் என்பதை மறக்க வேண்டாம். சர்வே எண் கேட்கும் கட்டத்தில் மனை எண்ணை எழுதி வைத்திருந்த ஒரு பதிவை நானே கண்டிருக்கிறேன். சரியான எண்ணைக் கொடுத்தபோது கிடைக்காத அது, தவறான எண்ணைக் கொடுத்தபோது கிடைத்தது. ஆகவே சர்வே எண், மனை எண், கதவு எண் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள்.

எல்லாம் தேடிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அசல் பத்திரம் எங்கே? கலர் ஜெராக்ஸைக் காட்டுபவரிடமும், சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்த நகலை நீட்டுபவரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள். அசலைக் கையில் வாங்கி, முத்திரைத்தாளைத் தடவி, பின்பக்கத்துப் பதிவுக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். கிரயம் பதியப்போகும் நாளன்று காலையில் இன்னொரு முறை வில்லங்கம் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முன்பணம் கொடுத்த நாளுக்கும் கிரய நாளுக்கும் நடுவே புகுந்த அடமானங்கள் உண்டு.

கேள்வி: வீட்டுக்கடனைச் சென்ற ஆண்டே முழுவதும் கட்டி, பத்திரங்களையும் வாங்கிவிட்டேன். இப்போது வீட்டை விற்கப் போனால், வில்லங்கத்தில் அடமானம் அப்படியே இருக்கிறது என்று வாங்குபவர் பின்வாங்குகிறார். வங்கியில், 'கணக்கு முடிந்துவிட்டது, எங்களுக்கு இனி வேலை இல்லை' என்கிறார்கள். பதிவை அழிக்க என்ன வழி? (மேலூர் வாசகி)

பதில்: அம்மா, பதிவை யாராலும் அழிக்க முடியாது, அழிக்கவும் தேவையில்லை. பலரும் கடன் முடிந்தால் அந்த வரி மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு முறை ஏறிய வரி வில்லங்கத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். அதன் கீழே, கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதிக்கொடுக்கும் ரசீது ஆவணம் பதிவாகி இன்னொரு வரியாக வர வேண்டும். உங்களுக்கு அந்த இரண்டாவது வரிதான் இல்லை. பத்திரம் திரும்பி வந்த மகிழ்ச்சியில் சார்பதிவாளர் அலுவலகப் படியை ஏறாமல் விட்டவர்கள் உங்களைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வங்கியின் பதில் சரியல்ல. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையின்படி, தனிநபர் கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தருவதோடு, எந்தப் பதிவகத்தில் பொறுப்பு (கடனுக்காகச் சொத்தின் மேல் ஏறிய பிணைப்பு) பதிவாகியிருந்தாலும் அதை நீக்கித் தருவதும் கடன் கொடுத்தவரின் கடமை. தாமதம் அவர்களால் ஏற்பட்டதென்றால் நாளொன்றுக்கு ₹5,000 வீதம் இழப்பீடு தர வேண்டும். வீட்டுக்கடன் இதில் அடங்கும். தொழில் கடனுக்கு இந்தச் சுற்றறிக்கையைக் காட்ட முடியாது என்பதால், அந்த வகைக் கடன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வங்கியோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் கடன் கணக்கு எண், கடன் முடிந்த தேதி, வில்லங்கத்தில் உள்ள ஒப்படைப்பு ஆவணத்தின் எண்ணும் ஆண்டும் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ரசீது ஆவணத்தில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற அலுவலரை அனுப்புமாறும், செர்சாயில் கடன் தீர்ந்ததைப் பதியுமாறும் கேளுங்கள். இரண்டாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டை வாங்குபவர் கடன் கேட்கும் வங்கி அங்கேயும் தேடிப் பார்க்கும். கடிதத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு அந்த முத்திரைதான் உங்களுக்குத் துணை. ரசீது பதிவான பின் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, ரசீதில் மேற்கோள் காட்டிய ஆவண எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஓர் இலக்கம் பிசகினாலும், பிழைதிருத்தல் ஆவணத்துக்காக மீண்டும் அதே அலுவலரைத் தேடி அலைய வேண்டிவரும், அதற்குள் அவர் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

கேள்வி: பழைய மினி வேன் ஒன்றை வாங்கப்போகிறேன். நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இருக்கிறது என்கிறார் விற்பவர். அது போதுமா? (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை போதாது. தடையில்லாச் சான்றோடு, கடன் முடிந்ததைத் தெரிவித்து நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதிகள் வேண்டும். அவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துப் பெயரை நீக்கிய பிறகுதான் வண்டி கடனிலிருந்து முழுமையாக விடுபடுகிறது. வாகன எண்ணைப் போட்டுப் பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காப்பீட்டுப் பத்திரத்திலும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும்; அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறோம். இயந்திரங்களையும் கட்டடத்தையும் ஈடாக வைத்துக் கடன் வாங்குகிறோம். பதிவு வேலை முழுவதையும் வங்கி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? (திருமங்கலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: விடக்கூடாது, ஏனெனில் நிறுவனப் பதிவாளரிடம் பதிய வேண்டிய முதல் பொறுப்பு கம்பெனியுடையது. உங்கள் கடன் மூன்று இடங்களில் பதிவாக வேண்டும்: கட்டடத்தின் அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில், கட்டடமும் இயந்திரமும் செர்சாயில், இரண்டும் சேர்ந்த பொறுப்பு நிறுவனப் பதிவாளரிடம். கடைசியாகச் சொன்னதற்கு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 77-ஆம் பிரிவின் கீழ் சி.எச்.ஜி.-1 படிவத்தை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 60 நாள் வரையிலும், கடன் தொகையைப் பொறுத்த கட்டணத்தோடு 120 நாள் வரையிலும் வழியுண்டு. அப்படிப் பதியாத பொறுப்பை, கம்பெனி நொடித்துப்போனால், கலைப்பாளர் கணக்கில் எடுக்கமாட்டார் என்பதால் வங்கி உங்களை நெருக்கும். செர்சாயில் பதியாவிட்டால், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிதரும் சர்ஃபாசி சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது என்பதால், அந்தப் பதிவில் வங்கியே முனைப்பாக இருக்கும்.

மூன்று இடங்களிலும் சொத்தின் வருணனை ஒன்றுபோல் இருக்கும்படி ஒரே தாளிலிருந்து படியெடுங்கள். இயந்திரத்தை 'ஒரு லேத்' என்று எழுதாமல், தயாரிப்பாளர், மாடல், உடலில் பொறித்த வரிசை எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். இல்லையென்றால் நாளை இன்னொரு லேத் வாங்க வேறு வங்கிக்குப் போகும்போது, அதுவும் முதல் கடனுக்குள் அடங்கியதா என்ற வம்பு வரும். பிறருடைய கம்பெனியைத் தேடும்போது பெயரைவிட நிறுவன அடையாள எண்ணை நம்புங்கள். பெயர் மாறினாலும் எண்ணைப் பிடித்துப் பழைய பொறுப்புகளுக்குப் போய்ச் சேரலாம். கடன் முடிந்ததும், அதைத் தெரிவிக்கும் சி.எச்.ஜி.-4 படிவத்தைத் தாக்கல் செய்ய 30 நாட்கள் உண்டு. கட்டணத்தோடு 300 நாள் வரை நீட்டிக்கலாம்.

கேள்வி: அப்பா பெயரில் உள்ள நிலத்தின் பத்திரத்தை என் தம்பி அவருக்குத் தெரியாமல் எடுத்து, ஒரு பைனான்ஸ்காரரிடம் கொடுத்துக் கைக்கடன் வாங்கிவிட்டான். வில்லங்கத்தில் எதுவும் இல்லை. பத்திரம் தொலைந்ததாகப் போலீசில் எழுதிக்கொடுத்து நகல் வாங்கிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? (உசிலம்பட்டி வாசகி)

பதில்: செய்யாதீர்கள். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்தது என்று எழுதிக்கொடுப்பது பொய்ப் புகார். அது உங்கள் அப்பாவின் மேல்தான் வந்து விழும். புரோநோட்டும் பத்திரமுமாகத் தனியாரிடம் வாங்கும் இத்தகைய கடன் வில்லங்கத்திலும் வருவதில்லை, செர்சாயிலும் வருவதில்லை. ஆனால் இங்கே அடமானம் ஏற்பட்டதா என்பதே கேள்வி: உரிமையாளர் கடனுக்கு ஈடாக ஒப்படைத்தால்தான் அது அடமானம். அப்பா உயிரோடு இருந்து, அவர் சம்மதிக்காதபோது, தம்பி கொடுத்த காகிதம் அந்த நிலத்தைப் பிணைக்காது. தம்பியின் கடன் தம்பியோடுதான். அப்பாவின் பெயரில் ஒரு வழக்கறிஞர் வழியாக, பத்திரம் தன் அனுமதியின்றிக் கொடுக்கப்பட்டது என்றும், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அந்தப் பைனான்ஸ்காரருக்கு பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்புகை வந்ததும் அதை அறிவிப்பின் நகலோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.