ஒளி ‘ஈதர்’ வழியாகப் போகிறதா என்று எப்படிச் சோதித்தார்கள்?

ஒலிக்குக் காற்று வேண்டும். ஒளிக்கும் அப்படி ஓர் ஊடகம் இருந்தாக வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள், அதுதான் ஈதர். சரி, பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறதே? வண்டியில் போகும்போது முகத்தில் காற்று அடிப்பது போல, ஈதரும் நம்மேல் வீச வேண்டும். அந்த வீச்சின் திசையில் போய்த் திரும்பும் ஒளிக்கு, குறுக்கே போய்த் திரும்பும் ஒளியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சன், மோர்லி என்ற இரு விஞ்ஞானிகள் இந்த வித்தியாசத்தைத்தான் தேடினார்கள். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அனுப்பி, கண்ணாடிகளில் பலமுறை பட்டுத் திரும்ப வைத்து, மறுபடி சேர்த்தார்கள். சேரும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் தெரியும். கருவியைத் திருப்பினால், ஈதர் வீச்சின் திசையில் போகும் கற்றை எது, குறுக்கே போகும் கற்றை எது என்பது மாறும். அதனால் வரிகள் நகர வேண்டும்.

அந்தக் கருவிதான் அற்புதம். ஒன்றரை மீட்டர் சதுரக் கல் பாதரசத்தில் மிதந்தது. அதனால் அதிர்வில்லாமல் மெதுவாகச் சுழன்றது. மைக்கல்சன் 1881இல் ஜெர்மனியில் செய்த முதல் முயற்சியில் தெருவின் அதிர்வே வரிகளைக் குலைத்திருந்தது.

ஒரு வரியின் அகலத்தில் 0.4 பங்கு நகரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நகர்ந்தது 0.02 பங்குகூட இல்லை! அப்போதும் ஈதரை யாரும் உடனே கைவிடவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன்தான் அது தேவையே இல்லை என்றார்.